ஏழாம் கேள்வியும் சங்கிலியின் சட்டையும்

1

இந்தக் கதை ஒரு கைநூலின் பதினோராம் பக்கத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வீடு தேடிப் போய் நோயாளரைப் பராமரிக்கும் ஒரு தொண்டு அமைப்பு (பெயர் வேண்டாம்) தன் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஒரு வழிகாட்டி எழுதித் தரக் கேட்டது. யாருக்கு வீட்டுச் சேவை உண்டு, யாருக்கு இல்லை, எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்றெல்லாம். பதினோராம் பக்கத்தில் ஓர் உதாரண நோயாளி வேண்டும், நான்கு வரியில் முடித்துவிடுங்கள் என்றார்கள்.

அந்த ஆள் நான்கு வரிக்குள் அடங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "திரு. ச., வயது 66, பாரிசவாதம், வலப்பக்கம் செயலிழப்பு, முதுகடியில் படுக்கைப் புண்…"

பெயரில்லாத மனிதருக்கு மருந்து கட்ட எனக்கு வரவில்லை. சங்கிலி என்று வைத்தேன். பெயர் வந்ததும் வீடு கேட்டார். கனகராயன்குளத்தில் பஸ்ஸால் இறங்கி உள்ளே நெடுந்தூரம் நடந்தால் வரும் ஒரு வீட்டைக் கொடுத்தேன். வீடு வந்ததும் மனைவி வீரம்மாவும் வந்துவிட்டார்.

இரண்டாம் தொடக்கம்: "தாதி கௌசலா ஸ்கூட்டியை வேலியோரம் நிறுத்தியபோது வானம்…"

வானத்தை விடுவோம். அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது.

3

வாரம் இரண்டு தடவை வந்து புண்ணுக்கு மருந்து கட்டுபவள் கௌசலா. இந்த மாதத்தோடு அது நிற்கிறது என்றது கடிதம். காரணம் படிவத்தின் ஏழாம் கேள்வி: நோயாளி பிறர் உதவியின்றிக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாரா? அவள் லீவில் நின்ற நாளில் வந்த வைத்தியர் 'ஆம்' என்று எழுதியிருந்தார். 'ஆம்' என்றால் இனிச் சங்கிலிதான் வவுனியாவுக்குக் கிளினிக் போகவேண்டும்.

"ஐயா கதிரையில இருந்தவரெண்டு எழுதியிருக்கினம். எப்பிடியம்மா?"

வீரம்மா சிரித்தார். பெருமையான சிரிப்பு.

"அன்னைக்கி விடியவே குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நீலச் சட்டையப் போட்டு ஒக்கார வச்சிட்டேன் மிஸ்ஸி. சாயாம இருக்க இடுப்போட என் சேலையச் சுத்திக் கதிரைக்குப் பின்னால முடிஞ்சேன். மேல சால்வையப் போட்டா யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு ஒரு டாக்டரு வாராரு, இவரு பாயில கெடக்கலாமா?"

கௌசலாவுக்குக் கோபம் வரவில்லை. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்கிறன் அம்மா. அந்த முடிச்சைப் பற்றிச் சொன்னால் விளங்கிக்கொள்ளுவினம்."

"ஐயோ மிஸ்ஸி, அதச் சொல்லிராதீங்க. புருசனக் கட்டிப்போட்டாள்னுல்ல பேசுவாக."

கௌசலா தலையாட்டிவிட்டாள். யோசிக்காமல் ஆட்டிய தலை அது.

4

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். வீரம்மாவை நான் விவரமில்லாதவராக்கிவிட்டேனா?

(இல்லை. காய்ச்சலில் சுருண்டு கிடந்த நானே, வைத்தியர் வாறார் என்றதும் எழும்பித் தலை சீவியவன். 'எப்படி இருக்கிறீர்கள்' என்றதற்கு 'சுகம்' என்றும் சொன்னேன். அவர் ஏன் வந்தார் என்று இருவருக்குமே விளங்கவில்லை.)

கைநூலில் இதற்கு ஒரு பிரிவும் கிடையாது. விருந்தாளியை எழுந்து வரவேற்கும் வழக்கத்துக்கு எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது?

5

மறுமதிப்பீடு வியாழக்கிழமை என்று முடிவானது. முதல்நாள் கௌசலா வந்து கெஞ்சினாள்.

"நாளைக்கு மட்டும் ஐயாவை இருக்கிற மாதிரியே விடுங்கோ. படுக்கட்டும்."

பாயில் கிடந்த சங்கிலிதான் வாயைக் கோணி, நெடுநேரம் முயன்று ஒரு சொல் சொன்னார்.

"சட்டை."

காடு வெட்டி வயலாக்கிய மனிதர். படுத்தபடி யாரிடமும் பேசிப் பழக்கமில்லை. கௌசலா அவரது நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

6

வியாழக்கிழமை. வைத்தியரின் வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பும்போது கௌசலா உள்ளே ஓடுகிறாள். நீலச் சட்டை, பவுடர், சால்வை. சங்கிலி கதிரையில் நிமிர்ந்திருக்கிறார். முகத்தில் வியர்வை, புண்ணின் மேலல்லவா அவர் இருக்கிறார்.

முடிவு ஒன்று: கௌசலா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். சேவை தொடர்கிறது. வீரம்மா அதன்பிறகு அவளுக்குத் தேத்தண்ணி கொடுப்பதில்லை.

முடிவு இரண்டு: அவள் வாக்கைக் காப்பாற்றுகிறாள். படிவத்தில் மறுபடியும் 'ஆம்.' வவுனியா பஸ்ஸில் சங்கிலியை எப்படி ஏற்றுவார்கள் என்று நான் மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன்.

முடிவு மூன்று: முடிச்சு தானாக அவிழ்ந்து… வேண்டாம். ஒரு மனிதரைக் கீழே விழுத்திக் கதையை முடிக்க எனக்கு மனமில்லை.

7

ஆகவே பதினோராம் பக்கத்தில் உதாரணத்தை எடுத்துவிட்டு இரண்டு வரி மட்டும் எழுதிக் கொடுத்தேன்: 'நோயாளியின் சட்டை நன்றாக இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, கதிரையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.'* அச்சில் வருமா தெரியாது. வந்தாலும் அந்த வைத்தியர் வாசிப்பாரா என்பதும் தெரியாது.

ஆனால் நீங்கள் வாசித்துவிட்டீர்கள். எனவே வாகனத்திலிருந்து நீங்களே இறங்குங்கள். படிவம் உங்கள் கையில் இருக்கிறது, பேனாவும்தான். கௌசலா வாசலில் நிற்கிறாள். ஒன்றும் சொல்லமாட்டாள், வாக்குக் கொடுத்துவிட்டாள். வீரம்மா சேலைத் தலைப்பால் கதவோரத்தைத் துடைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறார்.

"வாங்க டாக்டரையா. ஒங்களுக்காகத்தான் அவரு விடியக்காலையில இருந்து ஒக்காந்திருக்காரு."

---
* அவிழ்க்க வேண்டி வந்தால் மெதுவாக அவிழுங்கள். அது வீரம்மாவின் நல்ல சேலை.