ஆறு மாதப் பூட்டு

சந்தை நாளன்று, சோலாஞ்ஜின் சீஸ் கடைக்கு முன்னால் நின்று துணை மேயர் எர்வே லாந்தியே வாயை விட்டுவிட்டார். ஆட்டுப்பால் சீஸ் இரண்டு வாங்கிக்கொண்டே, புனித மெதார் கோயில் இனிமேல் சொகுசு ஓட்டல் என்றார். பீடம் இருக்கும் இடத்தில் காலைச் சாப்பாடு பரிமாறுவார்களாம். நாளை ஞாயிறு கழிந்தால் பூசை நின்று ஆறு மாதம் தாண்டிவிடுமாம். நல்ல சேதி சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தக் கோயிலின் சாவி இருபத்திரண்டு வருடமாகச் சோலாஞ்ஜின் கையில் இருக்கிறது. அவள் புருஷனின் சவப்பெட்டியை இறக்கி வைத்தது அந்தப் பீடத்துக்கு முன்னால்தான். அங்கே உட்கார்ந்து எவனோ ரொட்டியில் வெண்ணெய் தடவுவதா?

கட்டடம் என்னவோ நகராட்சிக்குச் சொந்தம். ஆனால் பூசை நடக்கிறவரை யாரும் அதில் கை வைக்க முடியாது. ஆறு மாதம் தொடர்ந்து நடக்காவிட்டால் நகராட்சி எடுத்துக்கொள்ளலாம் என்று பிரான்சில் சட்டம். அக்டோபரில் முன்வாசல் வளைவிலிருந்து கைப்பிடி அளவு கல் ஒன்று விழுந்தது. உடனே ஆபத்து என்று பலகை மாட்டி, பெரிய கதவுக்குச் சங்கிலி போட்டார்கள். மூன்று வாரம் பொறுங்கள் என்றார்கள். சனங்களும் நல்ல பிள்ளைகளாகப் பொறுத்தார்கள். பனி விழுந்து, உருகி, மரமெல்லாம் துளிர்த்தும்விட்டது.

அந்த ஆபத்தான கோயிலுக்குள்தான் பிப்ரவரியில் நாற்பது பேர் ஒயின் கிண்ணத்தோடு உலாத்தினார்கள். ஜன்னல் வழியாகச் சோலாஞ்ஜ் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஏதோ கட்டட நிபுணர்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். இப்போதல்லவா புரிகிறது, அவர்கள் ஓட்டல்காரர்கள் என்று. கும்பிடுகிறவன் தலையாகப் பார்த்துத்தான் கல் விழுமா?

கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பங்கு சாமியார் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். காங்கோவிலிருந்து வந்த பாதர் ப்ரோஸ்பேருக்குப் பதினோரு கோயில், ஒரே ஒரு பழைய கார். சூப் குடித்துக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பொறுமையாக இருக்கும்படி ஆயர் இல்லத்தில் சொல்லியிருக்கிறார்களே என்று இழுத்தார்.

"பொறுத்தாச்சு சாமி. நாம பொறுத்த நாளத்தான் அவன் ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டு இருந்திருக்கான்."

பாதர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரொட்டிக் கடை முற்றத்துலேர்ந்து கோயிலுக்குள்ள போக ஒரு சின்னக் கதவு இருக்குமே, அதுக்கும் பூட்டுப் போட்டானா?"

"அப்படி ஒரு கதவு இருக்கறதே அவனுக்குத் தெரியாது."

ஞாயிறு காலை பதினோரு மணிக்குச் சோலாஞ்ஜ் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஆறு மாதமாக ஊமையாகக் கிடந்த மணி ஊரையே கூட்டியது. முற்றத்து வழியாக முதலில் ஒன்பது பேர் வந்தார்கள். மனைவிமார் பூசை காணும்போதெல்லாம் எதிர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்து சீட்டாடுகிற ஆம்பிளைகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். இவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு அப்புறம் கோயில் வாசற்படி மிதித்ததில்லை. ஓட்டல் கதை அவர்கள் காதுக்கும் போயிருந்தது. எல்லாரையும் கல் விழுந்த வாசலுக்கு எட்டத்தில், பீடத்தை ஒட்டி உட்கார வைத்தாள்.

பாதி பூசையில் எர்வே உள்ளே பாய்ந்தார். இது சட்டவிரோதம், போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்திக்கொண்டே நடுவழியில் வந்தார். அதே நேரத்தில் பாதர் அப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்தினார். சோலாஞ்ஜ் கைமணியை ஆட்டினாள். சிறுவயதில் ஏழு வருடம் இதே பீடத்தில் பூசை உதவி செய்தவர் எர்வே. மணிச்சத்தம் கேட்டதும் வாய் தானாக மூடிக்கொண்டது. தொப்பி கைக்கு வந்தது. ஒரு முழங்கால் தரையைத் தொட்டது.

அவளுக்கு மனம் இளகவில்லை. பூசை முடிந்ததும், பூசை நடந்ததற்குச் சாட்சியாக வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள். அதில் இருபத்தேழு கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

"நீங்களும் பூசை கண்டீங்க. எழுதுங்க."

"நான் ஒண்ணும் பூசைக்கு வரல."

"வராதவரு முட்டியில அது என்ன?"

எர்வே குனிந்து பார்த்தார். கறுப்புக் கால்சட்டையின் முட்டியில் ஆறு மாதத் தூசி வெள்ளையாக அப்பியிருந்தது.