அணுவா, சூரியனா, புல்லா

முதல் கையைத் தூக்கியவள் நவமணிதான். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் வயிறு எரிகிறது.

செர்டாங் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் அது. சோலார் கம்பெனி அதிகாரி விக்னேஸ்வரன் தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் போட்டான். திரையில் முதலில் வெடித்த அணு உலையும் ஆளற்ற ஊரும் வந்தன. பிறகு நீல வானத்தின் கீழே பளபளக்கும் சூரியத் தகடுகள்.

“நாட்டுக்கு கரண்ட் வேணும். அணுவா, சூரியனா? சூரியன்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

யார் தூக்காமல் இருப்பார்கள்? அணுவில் புகை கிடையாது, ராத்திரியிலும் கரண்ட் வரும் என்று அவன் மூச்சு விடவில்லை. சூரியத் தகட்டுக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. அந்த நாட்டிலேயே இல்லாத அணு உலையை வைத்துப் பூச்சாண்டி காட்டிவிட்டு, தூக்கிய கைகளைப் படம் பிடித்துக்கொண்டு போனான்.

கோவில் கூட்டமானாலும் மண்டபக் கூட்டமானாலும் கை தூக்கிவிட்டால் பேச்சு மாறக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். விக்னேஸ்வரனுக்கும் அது தெரியும். அவனும் புக்கிட் செலம்பாவ் தோட்டத்தில் வளர்ந்தவன்தானே!

சில மாதங்களில் ஆற்றோர மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி எழும்பியது. நவமணியின் மாடுகள் மேய்ந்த இடம் அதுதான். செர்டாங் கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் அவள் பிழைக்கிறாள். வேலிக்கு வெளியே நின்று கத்தினாள். விக்னேஸ்வரன் கைப்பேசியில் படத்தைக் காட்டினான்.

“நீங்கதானேக்கா முதல் கை?”

“சூரியன் வேணும்னுதான் தூக்கினேன். நெலத்த எடுத்துக்கன்னு தூக்கல லா!”

“மாடு உரசினா தகடு ஒடஞ்சிடும்கா.”

சரி, ஒடையும்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த வாரமே ஒரு லாரி வந்தது. வேலிக்குள் செம்மறி ஆடுகள் இறங்கின. தகடுகளின் கீழே புல் மண்டாமல் இருக்கவாம். வெளியூர்க்காரன் யாரோ ஒருவனின் ஆடுகள். வாங்கிவந்த தீவனத்தைத் தின்னும் தன் மாடுகளைப் பார்த்தபோது அவளுக்கு ரத்தம் கொதித்தது.

கம்பெனி அதே மண்டபத்தில் நன்றி விருந்து வைத்தது. மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலத்தை யாரும் பிரிக்குமுன், “எல்லாரும் கை தூக்குங்க, ஒரு படம்!” என்றான் விக்னேஸ்வரன்.

நவமணி எழுந்தாள். இடுப்புச் சேலையில் சாணி வாடை இன்னும் இருந்தது.

“இரு தம்பி. அணுவா சூரியனான்னு நீ கேட்ட. நாங்க சொன்னோம். சூரியன்மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா புல்லு யாருக்குன்னு நீ கேக்கவே இல்லையே? இப்ப நான் கேக்குறேன்.”

கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஆட்ட ஓட்டிட்டு, நம்ம மாட்டுக்குப் புல்ல அறுத்துத் தரணும். சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பொட்டலத்தோடு தூக்கினார்கள்.

“இப்ப எடு தம்பி படத்த.”

விக்னேஸ்வரன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.