காளியம்மையின் பேரில் வந்த வீல்சேர்

கொச்சியில் மட்டாஞ்சேரித் தெருக்களை மாநகராட்சிக்காகக் கூட்டியே தேய்ந்த முட்டிகள் காளியம்மைக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது இடது கால் உள்பக்கமாக வளைந்திருந்தது. வலது காலும் அதே வழியில் போகத் தொடங்கியிருந்தது. எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு முட்டியை மாற்றினார்கள். அது ஆறியபின் மற்றதையும் மாற்றினார்கள். மறுநாளே எழுந்து நிற்கச் சொன்ன பிசியோதெரபிப் பெண்ணைக் காளியம்மை தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அந்தப் பெண் ரோஜா தேனிக்காரி; ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. சிரித்துக்கொண்டே நிற்க வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபின், கடைகள் திறக்குமுன் யூதர் தெருவான ஜூ டவுனில் தினமும் நடந்தாள். கணவன் வேலன் இரண்டடி முன்னால் போய்க் கல், குழி எல்லாவற்றையும் அறிவித்துக்கொண்டே நடப்பார். கண்ணாடிப் பாத்திரத்தைப் போல அவளைக் காத்தார். அவளுக்கு அதுதான் எரிச்சல்.

பஹ்ரைனில் இருக்கும் மகள் ஸாதனா இருவருக்கும் டிக்கெட் எடுத்தாள். அம்மா பேரில் ஒரு வீல்சேருக்கும் சொல்லிவைத்தாள்.

"நடக்கத்தானே முட்டிய மாத்துனேன்? உக்காந்து போறதுக்குப் பழைய முட்டியே போதுமே!" என்றாள் காளியம்மை.

"விமானத்தாவளம் ரொம்பப் பெரிசு. சொன்னா கேளு காளி" என்றார் வேலன்.

நெடும்பாசேரி விமான நிலையத்தில் கார் நின்றதும், டிரைவர் பெட்டியைத் தொடப் போனார்.

"வேண்டா சேட்டா. மிளகு மூட்டை சுமந்த முதுகு இது" என்று வேலன் தடுத்தார். தேங்காயெண்ணெய், கப்பைக்கிழங்கு வறுவல், உணக்கச் செம்மீன் என்னும் காய்ந்த இறால் எல்லாம் அடைத்த பெட்டி. ஒரே மூச்சில் தூக்கினார். "அம்மா!" என்ற சத்தம் வந்தது. பெட்டி கீழே இறங்கியது. வேலன் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"நடுவு புடிச்சுப் போச்சு. இடுப்ப நிமித்த முடியல."

டிரைவர் ஓடிப்போய் ஒரு டிராலி கொண்டுவந்து பெட்டியை ஏற்றினார். அந்த நேரம் பார்த்து, சோனியா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் வீல்சேரோடு வந்தாள். "காளியம்மை ஆரா?" என்று கேட்டவள், நிமிர்ந்து நிற்கும் பெண்ணையும் வளைந்து நிற்கும் ஆணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்தான். ஆனா இவரு உக்காருவாரு" என்றாள் காளியம்மை.

"வேண்டா, ஆளுங்க பாக்குறாங்க..."

"பாக்கட்டும். உக்காருங்க."

வேலன் உட்கார்ந்தார். சோனியா கவுண்டரில் கேட்டு, வீல்சேரை அவர் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். பெட்டியை அங்கேயே ஒப்படைத்தார்கள். நாற்காலியின் கைப்பிடியைக் காளியம்மை வாங்கிக்கொண்டாள். வழுவழுத் தரையில் அது அவளுக்கும் நல்ல பிடிமானமாக இருந்தது. சோனியா பக்கத்தில் நடந்து வழி காட்டினாள்.

பாதுகாப்புச் சோதனையில் காளியம்மை நுழைந்ததும் கருவி அலறியது. திரைக்குப் பின்னால் கூட்டிப்போன பெண் காவலரிடம் சேலையை முட்டிவரை உயர்த்தி, இரண்டு நீளத் தழும்புகளையும் பெருமையோடு காட்டினாள். "ரெண்டும் மாத்துனது, மோளே."

காவலர் குரலைத் தாழ்த்தினாள். "என்ட அம்மைக்கும் செய்யணும். பேடியாணு, பயம். நல்ல வேதனை உண்டோ?"

"உண்டு. மொத கொஞ்ச நாளு டாக்டரத் திட்டாத திட்டில்ல. அப்புறம் மீன் வாங்க நானே போனேன். அம்மைகிட்ட ரெண்டையும் சொல்லு."

விமானத்தில் வேலன் அசையாமல் சாய்ந்திருந்தார். வெகுநேரம் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காளியம்மை அவ்வப்போது எழுந்து நடைபாதையில் வால்வரை போய் வந்தாள். மூன்றாம் முறை போனபோது, ஓர வரிசையில் முட்டியைத் தடவிக்கொண்டிருந்த திருச்சூர்க்காரம்மாவும் எழுந்து கூட நடந்தார். இருவரும் கடைசியில் நின்று ஆளுக்கொரு சாயா வாங்கிக் குடித்தார்கள். திரும்பி வந்து கணவனைப் பார்த்தாள்.

"பாதத்த ஆட்டுங்க. ரத்தம் ஓடணும்."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர், பணிவாக.

பஹ்ரைனில் வீல்சேரைக் கண்டதும் ஸாதனா ஓடிவந்தாள். அதில் அப்பா! பின்னால் அம்மா தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, முட்டி வலிக்குதா?"

"எங்கிட்ட கேளு" என்றார் வேலன்.

அன்று சாயங்காலம் அவர் முதுகில் தைலம் தேய்த்துக் குப்புறப் படுத்திருந்தார். காளியம்மை மகளோடு கடற்கரைச் சாலையில் நடந்தாள். ஊரில் வைப்பின் தீவுக் கடலைப் போல இங்கே இரைச்சல் இல்லை. "இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?" என்று கேட்டாள். ஸாதனாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.