வௌவாலுக்கு ஐடி கார்டு

வௌவால் புத்தகத்தை வாங்கி வந்த மறுநாளே சுகப்பிரியா அதில் மூன்று தாள்களை ஒட்டிவிட்டாள்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், தரையில் விரித்துப் போட்டிருந்த கடையில் கிடைத்த புத்தகம் அது. குகைக்குள் ஆயிரக்கணக்கான வௌவால்கள். அதில் ஒரு அம்மா, ஒரு குட்டி. அம்மா பூச்சி பிடிக்கப் போகிறது, குட்டி காத்திருக்கிறது, அம்மா திரும்பி வருகிறது. அவ்வளவுதான் கதை. நைட் ஷிப்ட் வாரங்களில், கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் ஐந்து வயது கனிஷ்காவுக்குப் படித்துக் காட்டலாம் என்று வாங்கினாள்.

பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். நீளமாகத்தான் இருந்தது. சோறு வடித்து, டிபன் கட்டி, பிள்ளைக்கு ஊட்டி, கம்பெனி யூனிபார்ம் மாட்டி, அதற்கு மேல் இவ்வளவு பக்கம். நடுவில் கொஞ்சம் படுத்து எழுந்தால்தான் விடிய விடிய லென்ஸில் கண்ணை வைத்திருக்க முடியும். படிக்கும்போது தாண்டிப் போகவும் வழியில்லை. இன்று தாண்டிய பக்கம் நாளைக்குக் கனிஷ்காவின் கண்ணில் பட்டுவிடும். அதனால் பிள்ளையின் கம் பாட்டிலை எடுத்து, நடுவில் இருந்த மூன்று தாள்களை ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி ஒரே தாளாக்கினாள். நான்கு பக்கம் உள்ளே போயிற்று. காயும்வரை மேலே அரிசி டப்பாவை வைத்தாள்.

எடுத்துப் பார்த்தபோது ஒட்டிய இடம் அவளுக்கே தெரியவில்லை. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, ஒரகடத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளில் பிழை பார்க்கிற வேலை அவளுக்கு. கை சுத்தம்.

அதன் பிறகு கதை இப்படி ஆனது. அம்மா வௌவால் ஏரிக்கு மேலே பறந்து போனது. குட்டி தனியாகத் தொங்கியது. பக்கத்தைத் திருப்பினால் அம்மாவின் சிறகுக்குள் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா எப்ப வந்துச்சு?" என்று முதல் நாளே கனிஷ்கா கேட்டாள்.

"வந்துட்டு. அதான் படத்துல இருக்குலா."

"இவ்ளோ வௌவால் கீதே. அதுக்குக் குட்டி எதுன்னு எப்படித் தெரியும்?"

அவள் கணவன் மாரிசெல்வம் சிரித்தான். "கீதாம்லா! திருநெல்வேலிக்காரன் பெத்த பிள்ளை பேசுத பேச்சைப் பாரு." அம்மாவும் அப்பாவும் ஷிப்டில் இருக்கிற நேரமெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்கார கங்கம்மாள்தான். அவளுடைய சேரப்பணஞ்சேரிப் பேச்சு பிள்ளையிடம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"அம்மாக்குத் தெரியும். நீ தூங்கு," என்றாள் சுகப்பிரியா.

சில நாள் கழித்துக் கனிஷ்காவே விடையைக் கண்டுபிடித்தாள். "குட்டி கழுத்துல ஐடி கார்டு கீதும்மா. அத்தப் பாத்துதான் அம்மா கண்டுபுடிக்குது." சொன்னதோடு விடாமல் சிவப்பு க்ரேயானால் கடைசிப் பக்கத்துக் குட்டியின் கழுத்தில் ஒரு கட்டம் வரைந்து கயிறும் மாட்டினாள். சுகப்பிரியா அதைக் கம்பெனி கேன்டீனில் சொல்ல, அதிகம் வாய் திறக்காதவள் சொன்னாளே என்பதற்காகவே எல்லோரும் சிரித்தார்கள்.

அப்படியே நாள் போயிற்று. அந்தத் தடித் தாளைத் திருப்பும்போதெல்லாம் "ஐடி கார்டு பாத்துச்சு" என்று கனிஷ்கா சொல்வாள். சுகப்பிரியா அடுத்த வரிக்குப் போவாள்.

மாரிசெல்வத்துக்கு வார லீவு வந்த ஒரு நாள் சாயங்காலம், அன்றைக்கு அப்பாதான் படிக்க வேண்டும் என்று கனிஷ்கா பிடிவாதம் பிடித்தாள். சுகப்பிரியா நைட் ஷிப்டுக்குக் கிளம்புவதற்காகச் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மாரிசெல்வம் பேப்பர் படிக்கிற மாதிரி வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே போனான். திடீரென்று நின்றான்.

"ஏட்டி கனி. இந்தத் தாளு ஏன் இவ்ளோ தடியா இருக்கு?"

"தெர்லப்பா."

"கம்மப் போட்டு ஒட்டிருக்கு. நீதான ஒட்டுன?"

"நான் இல்ல."

"டிவி ஸ்டாண்டுல பொம்மை ஒட்டுனது யாரு?"

"நானு."

"பீரோவுல நட்சத்திரம் ஒட்டுனது?"

"நானு. ஆனா இது நான் இல்லப்பா."

"பின்ன? வௌவாலு எறங்கி வந்து ஒட்டிட்டுப் போச்சோ?"

கனிஷ்கா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. "என்ன சிரிப்பு? ஒட்டுனதக்கூட விட்டுருவேன். மொகத்தப் பாத்துப் பொய் சொல்லுத பாரு, அதுதான் எனக்கு ஆகாது."

கல்லில் தோசை கருகத் தொடங்கியிருந்தது. 'நான்தான் ஒட்டினேன்.' இதைத்தான் சுகப்பிரியா சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் எதற்கு என்பான். பிள்ளைக்குக் கதை படிக்கச் சோம்பல்பட்டுப் புத்தகத்தையே ஒட்டியவள் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரிப்பான். மாமியார் சிரிக்க மாட்டாள். கல்லூரியில் வைவாவில் விடை தெரிந்தும் வார்த்தை வராமல் நின்றவள் சுகப்பிரியா. இப்போதும் நின்றாள். இதோ முடிந்துவிடும், இவன் கோபம் ஒரு நிமிஷம்தானே என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பீரோவின் தலையில் புத்தகம் விழுகிற சத்தம் கேட்டது. "உண்மையச் சொல்லுத வரைக்கும் புக்கு கெடையாது."

அழுகைச் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. சுகப்பிரியா சட்னியைத் தாளித்தாள். அப்புறம் சின்னக் குரலில் கனிஷ்கா சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

"நான்தாம்ப்பா ஒட்னேன்."

"அப்படி வா. இத மொதல்லயே சொன்னா என்ன? உண்மையச் சொன்னா அப்பா ஒண்ணும் செய்ய மாட்டேன், பாத்தியா?"

புத்தகம் கீழே வந்தது. அப்பாவும் மகளும் முக்குக் கடைக்குப் போய்த் திரும்பினார்கள். கனிஷ்கா சமையலறைக்குள் ஓடி வந்து பாதி சாக்லேட்டை நீட்டினாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"உண்மை சொன்னேம்மா. அதுக்குதான் அப்பா வாங்கிக் குட்த்தாங்க. இந்தா, உனுக்குப் பாதி."

சுகப்பிரியா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்த இனிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. லைனில் அன்று இரண்டு நல்ல போர்டுகளை, பிழையானவற்றைப் போடுகிற சிவப்புப் பெட்டியில் போட்டாள். சூப்பர்வைசர் எடுத்துக் காட்டி, "என்ன மேடம், தூக்கமா?" என்றார். தலையை ஆட்டினாள்.

காலையில் வீட்டு வாசலுக்கு வந்தபோது மாரிசெல்வம் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தான். கனிஷ்காவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, கங்கம்மாள் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்றாள்.

"இன்னாமா, உன் பொண்ணு புக்க ஒட்டிட்டாளாமே? தல வாரும்போது ஒரே கத. எதுக்குடி ஒட்னேன்னு கேட்டா, மய பேஞ்சி வௌவாலு நனஞ்சிட்சாம், தண்ணி உள்ள வராம ஒட்டி வெச்சாளாம்." கங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஜோரா அளக்குது. எங்கேந்துதான் கத்துகிச்சோ!"

சுகப்பிரியாவுக்குச் சிரிக்க வரவில்லை. செய்யாத காரியத்துக்குப் பிள்ளை காரணமும் கண்டுபிடித்துவிட்டாள். ஐடி கார்டைக் கண்டுபிடித்த மாதிரியே. இன்னும் நாலு நாள் போனால் தான்தான் ஒட்டியது என்று அவளே நம்பிவிடுவாள்.

உள்ளே போய்த் தூங்கவில்லை. இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் தாளின் ஓரத்தைக் காட்டினாள். பசை இளகியது. ஸ்டீல் ஸ்கேலை நுழைத்து மெல்ல மெல்லப் பிரித்தாள். முழுக்கச் சுத்தமாக வரவில்லை. கீழ் ஓரத்தில் ஒரு வரி எதிர்ப் பக்கத்தோடு பிய்ந்து போனது.

பிரித்த பக்கங்களை ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். முதல் பக்கத்தில் குட்டி கத்தியது. 'அம்மா, அம்மா, நீ போகாதே.' அடுத்த பக்கத்தில் மற்ற அம்மாக்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். இந்தக் குட்டி மட்டும் இன்னும் கத்தியது. மூன்றாவதில் அம்மா குகைக்குள் நுழைகிறது. ஆயிரம் குட்டிகளும் ஒரே நேரத்தில் கத்துகின்றன. பிய்ந்து போன வரி நான்காவது பக்கத்தில்தான். அதில் இருந்தது என்ன என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் தன் குட்டியின் குரல் அம்மாவுக்குத் தனியாகக் கேட்டது.

முன்பு பார்த்தபோது இந்தப் புத்தகம் நீளம் என்று நினைத்தாள். நீளம்தான் பிரச்சினை என்றால் ஏரிக்கு மேல் பறக்கிற பக்கங்களை ஒட்டியிருக்கலாம். வயல் மேல், ரோட்டு விளக்கைச் சுற்றி என்று அவைதான் போய்க்கொண்டே இருந்தன. அவற்றை ஒட்டவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் 'நீ போகாதே' என்று வாய்விட்டுப் படிக்க முடியாது என்பதால் இவற்றை ஒட்டினாள். குட்டி அழுகிற பக்கங்களோடு, அம்மா கண்டுபிடிக்கிற பக்கமும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. இது அன்றைக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

சாயங்காலம் சீக்கிரமே சாப்பாட்டை முடித்தார்கள். மாரிசெல்வம் பாயில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகப்பிரியா புத்தகத்தை எடுத்து வந்து கனிஷ்காவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"கனி. இந்தத் தாள ஒட்டுனது நீ இல்ல. நான்."

கனிஷ்கா முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் வேகமாகத் தலையை ஆட்டினாள். "இல்ல. நான்தான் ஒட்னேன். வௌவால் நனஞ்சிடும்னு ஒட்னேன்."

"நீ ஒட்டல. புக்கு வாங்குன மறுநாளே அம்மா ஒட்டிட்டேன். நீ அப்ப ஸ்கூல்ல இருந்த."

"நான் உண்மை சொன்னேன்!" கனிஷ்காவின் உதடு துடித்தது. "நேத்தே சொல்ட்டேன்ல!"

மாரிசெல்வம் போனைக் கீழே வைத்தான். "நீயா? நீ எதுக்கு ஒட்டுன?"

"பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னு." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "அது இல்ல. இதுல குட்டி அழும். போகாதன்னு சொல்லும். அதப் படிச்சுட்டு என்னால கெளம்ப முடியாது. அதான்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் புத்தகத்தை வாங்கிப் பிரிந்த ஓரத்தைத் தடவினான். பசை கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

"பிள்ளை ஒட்டுனா இப்படியா இருக்கும்," என்றான். "நேத்து இத ஒழுங்காப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நானும் பாக்காமக் கத்திட்டேன்." கொஞ்சம் கழித்து, "நேத்தே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கணும். நீங்க அவளத் திட்டும்போது நான் உள்ளதான் நின்னேன்."

கனிஷ்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வேறு ஒரு கவலை.

"அப்ப சாக்லேட்ட அப்பாகிட்ட திருப்பிக் குட்க்கணுமா?"

"வேண்டாம்ட்டி."

"பாதிய அம்மா தின்ட்டாங்க."

மாரிசெல்வம் சுகப்பிரியாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கனிஷ்காவை மடியில் இழுத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள்.

ஏரி, வயல், ரோட்டு விளக்கு. பிறகு புதுப் பக்கங்கள். 'நீ போகாதே' வந்த இடத்திலும் நிறுத்தாமல் படித்தாள். மற்ற அம்மாக்கள் வந்தார்கள். குட்டி கத்தியது. பிய்ந்த வரிக்கு வந்ததும் மனத்தில் இருந்ததைச் சொன்னாள்.

"கொரல வச்சுதான் கண்டுபுடிச்சுச்சு. ஆயிரம் குட்டி கத்துனாலும் அதோட குட்டி சத்தம் அதுக்குத் தனியாக் கேக்கும்."

"ஐடி கார்டு இல்லியா?"

"இல்ல."

கனிஷ்கா யோசித்தாள். "நான் இங்கேந்து கத்துனா கம்பெனில உனுக்குக் கேக்குமா?"

கேட்கும் என்று சொல்வது சுலபம். "கேக்காது," என்றாள் சுகப்பிரியா.

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூடக் கேக்காது. உள்ள ஒரே மிஷின் சத்தம். போனையும் வாங்கி வச்சிருவாங்க."

கனிஷ்கா மடியில் இருந்து எழுந்தாள். ஸ்கூல் பையைத் திறந்து சிவப்பு க்ரேயானைத் தேடி எடுத்து வந்தாள். அழுகிற குட்டியின் கழுத்தில், நாலு பக்கத்திலும், ஒவ்வொன்றாகக் கட்டம் வரைந்து கயிறு மாட்டினாள். "இதுவும் இருக்கட்டும்," என்றாள்.

முக்கில் கம்பெனி பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. சுகப்பிரியா எழுந்து ஆணியில் மாட்டியிருந்த தன் ஐடி கார்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ திரும்ப ஒட்டிடுவியா?" என்று கனிஷ்கா கேட்டாள்.

"ஒட்ட மாட்டேன்."

கனிஷ்கா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நேற்று அப்பா தன்னைப் பார்த்த மாதிரியே. பிறகு பையில் இருந்த கம் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் மாரிசெல்வத்தின் கையில் கொடுத்தாள்.

"இத்த நீயே வெச்சிக்கோப்பா."

அவன் சுகப்பிரியாவைப் பார்த்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, வைத்துக்கொள்ளுங்கள் என்று தலையசைத்தாள். பாட்டில் பீரோவின் தலைக்குப் போனது.

ஹார்ன் மறுபடியும் அடித்தது.