மார்சாக் கேட்ட மெட்டு

போலந்தில் ராதோம் பக்கத்து ஊர்களில் ஆட்டக்காரருக்கு ஓர் உரிமை உண்டு. வயலினுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு வரி பாடினால், அந்த மெட்டைத்தான் குழு வாசிக்க வேண்டும். கேட்டிராத மெட்டென்றாலும் நின்ற நிலையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய மெட்டுகளை மறுபடி வாசிக்கக் கிளம்பிய வார்சா குழுக்களில் அது வயலின்காரன் சிப்ரியானுக்குத்தான் கைவந்தது என்று பேர். அந்தப் பேரை நம்பித்தான் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த நடனத்துக்கு அவன் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் அவன் தங்கை போக்னா. பனிக்காலத்திலிருந்தே அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. தாடையில் அதிரும் சொந்த வயலின் மட்டும்தான் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கைமேளம் தட்டும் போக்னா, பாடுகிறவரின் மெட்டைக் கேட்டு அதன் பெயரை உதட்டசைவில் சொல்லிவிடுவாள். தெரிந்த மெட்டுகள் வந்தவரை வண்டி ஓடியது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். தெரிந்தால் எந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள் என்று பயம். பாவம், வாசிப்பைத் தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்?

அந்த ஊர்க்காரர் மார்சாக், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வயலினுக்கு முன்னால் வந்து நின்றார். வோட்காவில் முகம் சிவந்திருந்தது. தன் அப்பாவின் மெட்டைத் தொண்டை புடைக்கப் பாடினார். போக்னா அதைக் கேட்டதே இல்லை. பெயர் தெரியாத மெட்டை உதட்டால் எப்படிச் சொல்வது? திருதிருவென்று விழித்தாள். தெரியலையே என்று அவள் வாய் அசைந்ததைப் பார்த்து எதையோ ஊகித்துக்கொண்டு, சிப்ரியான் வில்லை இழுத்தான்.

அது குஸ்மிதெர் வீட்டு மெட்டு. வேலித் தகராறில் மார்சாக்கைக் கோர்ட்டுக்கு இழுத்த அதே குஸ்மிதெர். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எங்க அப்பா மெட்டக் கேட்டா அவன் மெட்ட வாசிக்கிறியா? எவன்டா உனக்குச் சொல்லிக்குடுத்தான்?"

தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து சிப்ரியான் புன்னகையோடு தலையாட்டினான்.

"இதுல இளிப்பு வேற," என்று மார்சாக் வயலினின் கழுத்தைப் பிடித்தார். சிப்ரியான் பதறிப்போய் அந்தக் கையையே பார்த்தான். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

போக்னா கைமேளத்தைக் கீழே வைத்தாள். தன் உதடு அவன் கண்ணில் படாதபடி அண்ணனின் முதுகுக்குப் பின்னால் எழுந்து நின்றாள்.

"விட்ருங்கய்யா. அவருக்குக் காது கேக்காது. நீங்க பாடுனது அவருக்கு விழவே இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

மார்சாக் கையை எடுத்துவிட்டார். சிப்ரியானின் தோளைத் தட்டி, வாசி என்று சைகை காட்டினார். கண்டம் தப்பியது என்ற நிம்மதியும், அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்ற வேதனையும் சேர, போக்னா அவன் முகத்தைப் பாராமல் கைமேளத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

சிப்ரியான் மசூரெக் ஆட்டத்துக்கான மெட்டு ஒன்றை வாசித்தான். அன்று அவன் வாசித்ததிலேயே நல்லது அதுதான். ஆனால் ஒரு ஜோடிகூட ஆட இறங்கவில்லை. எல்லோரும் சுவரோரம் நின்று கேட்டார்கள். முடிந்ததும் கூடமே கைதட்டியது. மார்சாக்கும்தான்.

அந்த ஊர்க்காரர்கள் வாசிப்புக்குக் கைதட்டுகிறவர்கள் இல்லை. பிடித்திருந்தால் வேர்க்க வேர்க்க ஆடுவார்கள், அடுத்த மெட்டைக் கேட்டு வந்து நிற்பார்கள். சிப்ரியான் வில்லைத் தாழ்த்தி, அத்தனை கைகளையும் பார்த்தான். பிறகு தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

எவ்வளவு சத்தமாகக் கேட்டோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கைதட்டல் நின்றுபோயிற்று.