ஒன்றரை லிட்டர்

இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருந்தது. அன்று புதன்கிழமை, காலை ஏழு மணி. வியாழன் பத்து மணிக்குக் குழு கூடும். குடிநீர்த் தர வரைவின் ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர் கையெழுத்துப் போடுவார். அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு அதில் யாரும் கை வைக்க முடியாது.

எனக்கு ஒரே ஒரு எண் மாற வேண்டியிருந்தது. பதினான்காம் பக்கம், தென் மாவட்டங்கள், புளோரைடு. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது பழைய வரம்பு. அதை முக்கால் மில்லிகிராமாகக் குறைக்கலாமா என்று குழு ஆறு மாதம் பேசியது. கடைசியில் பழையதே போதும் என்று முடிவானது. காரணம் அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. தெற்கில் பெரியவர் ஒருவர் ஒரு நாளில் குடிக்கும் நீர், சராசரியாக ஒன்றரை லிட்டர். அவ்வளவு குறைவாகக் குடித்தால் உடம்பில் சேரும் புளோரைடும் குறைவு. கணக்கெடுத்த வீடுகள் இருநூற்று நாற்பது. கணக்கெடுத்தவர் ஹூரியா.

ஹூரியா நான்தான்.

என் ஊர் பீர் ஸல்மா, அந்தத் தெற்கில்தான் இருக்கிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு 1.9. வரம்பு இரண்டாக இருந்தால் அது நல்ல தண்ணீர். முக்காலாக இறங்கினால் அரசு அங்கே சுத்திகரிப்பு நிலையம் கட்டியே ஆக வேண்டும்.

அண்ணன் மகள் ஷைமாவுக்கு ஆறு வயது. பால் பற்கள் விழுந்த இடத்தில் முளைத்த இரண்டு பற்களும் பழுப்பாக, குழி குழியாக வந்திருக்கின்றன. மற்றவை இன்னும் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. காலையில் எழுந்ததும் முழங்கால் வலிக்கிறது என்று அழுகிறாள். அவள் தம்பிக்கு எட்டு மாதம். அவனுடைய பால்மாவும் அதே தண்ணீரில்தான் கரைகிறது. தண்ணீரை மாற்றுங்கள் என்றார் மருத்துவர். எந்தத் தண்ணீருக்கு மாறுவது என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் மொக்தாரை மரியாதையாக சி மொக்தார் என்போம். எல்லோருக்கும் முன்னால் வந்து காபி போட்டுக்கொண்டிருப்பார். அவர் எங்கள் பிரிவுக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. நான் கதவருகே நின்றேன்.

"உள்ள வா பொண்ணே. கதவுக்குக் காவலா நிக்கிற?"

"பதினாலாம் பக்கம், சி மொக்தார்."

"மறுபடியுமா?"

"ஒன்றரை லிட்டர் சரியா இருக்காது."

"ஏன்?"

"அங்க வெயில் அதிகம்."

"வெயில் அதிகம்னு குழுவுக்குத் தெரியாதா? நாமெல்லாம் துருவத்துலயா இருக்கோம்?" சர்க்கரையைக் கலக்கினார். "பாரு, அந்த எண்ண யாராவது ஆபீஸ்ல உக்காந்து எழுதியிருந்தா நானே கிழிச்சுப் போட்டிருப்பேன். நீ வீடு வீடா நடந்து எடுத்தது. இந்தக் கட்டடத்துல அப்படி நடந்த வேற ஆள் யாரு? எனக்கு முன்னாடி இந்தப் பதவியில இருந்தவர் போற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தாராம்."

நான் பதினான்காம் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"எண்ணுல என்ன தப்புன்னு சொல்லு. சொன்னா குழுத் தலைவர் மதாம்கிட்ட நானே பேசுறேன்."

என்ன தப்பு என்று எனக்குத் தெரியும். அவர் மேசையில் என் பணி நிரந்தரத்துக்கான கடிதம் இருந்தது. அவர் பரிந்துரை எழுதி முடித்திருந்தார்.

"வேற ஏதாவது ஆதாரம் கொண்டு வந்தா?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ளயா?" சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "கொண்டு வா. வாங்கி வைக்கிறேன்."

எட்டு மணிக்கு மாவட்ட மருத்துவமனையை அழைத்தேன். பல் மருத்துவரிடம் குழந்தைகளின் பதிவேடு இருந்தது. அவர் பயிற்சிக்குப் போயிருந்தார். பதிவேட்டைக் கேட்டு முத்திரையிட்ட கடிதம் அனுப்பினால் பதினைந்து நாளில் பதில் வரும் என்றாள் எழுத்தர்.

"எனக்குப் பதினஞ்சு நாள் இல்லீங்க."

"யாருக்குத்தான் இருக்கு?" என்று வைத்துவிட்டாள்.

வானிலை அலுவலகம் பத்து நிமிடத்தில் அனுப்பியது. பத்து ஆண்டுகளின் வெப்பநிலை, மாதவாரியாக. நல்ல தாள்தான். ஆனால் வெயில் எவ்வளவு என்றுதான் அது சொன்னது. குடித்தது எவ்வளவு என்று சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் என் பழைய ஆசிரியரைப் பிடித்தேன். "இருநூத்தி நாப்பது வீட்டுக் கணக்குக்கு எதிரா நான் என்னம்மா எழுத? உன் கணக்கு நல்ல கணக்கு" என்று பாராட்டினார்.

பிறகுதான் அண்ணியை அழைத்தேன். மெப்ரூக்கா அண்ணி பின்னால் குழந்தை அழுகிற சத்தத்தோடு எடுத்தாள்.

"அண்ணி, ஒரு உதவி. இப்ப மணி எட்டே முக்கால். நாளைக்கு இதே நேரம் வரைக்கும் வீட்ல யார் யார் எவ்வளவு குடிக்கிறீங்கன்னு அளக்கணும்."

"தண்ணியவா?"

"தண்ணி, டீ, எல்லாம். சூப்புல ஊத்துறதக்கூட."

"தண்ணி அளக்கவா உன்ன இவ்வளவு படிக்க வச்சாங்க? உங்க அப்பா பேரீச்சந்தோப்பு ஒண்ண வித்தாரு, தெரியும்ல?"

"அண்ணி."

"சரி சரி. டீயும் கணக்கா? டீ தண்ணி இல்லையே."

"டீயும் தண்ணிதான்."

"இத உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லு. மூணு தரம் கொதிக்க வச்சுக் குடிக்கிற மனுசன். தண்ணி குடிச்சேன்னு சொன்னா கோவிச்சுக்குவாரு."

"மருந்து சீசால அளவுக்கோடு இருக்குல்ல? அதால பாட்டில்ல கோடு போட்டுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் எழுதுங்க."

"ஷைமாவுக்குமா?" என்றாள்.

"அவளுக்கும்."

"ஹூரியா, அந்த நிலையம் வருமா வராதா? பக்கத்து வீட்டுக்காரி தினமும் கேக்குறா. எங்க நாத்தனாரு அந்த ஆபீஸ்லதான் இருக்கா, அவ பாத்துக்குவான்னு நான் சொல்லி வச்சிருக்கேன்."

"பாக்குறேன் அண்ணி."

வியாழன் காலை எட்டே முக்காலுக்கு அவளே அழைத்தாள். கடைக்கணக்கு வாசிக்கிறவள் போல வாசித்தாள். அண்ணன் ஐந்து லிட்டர். அவள் மூன்று லிட்டர் அறுநூறு. ஷைமா இரண்டு லிட்டர் நூறு.

"உங்க அண்ணன் கோடு போட்ட பாட்டில்ல குடிக்க மாட்டேன்னுட்டாரு. நான் என்ன ஆட்டுக்குட்டியான்னு கேட்டாரு. அப்புறம் தோப்புக்குப் போறப்ப அவரே எடுத்துட்டுப் போனாரு. நிறைய வந்திருக்கு, இல்ல? இது நல்லதா கெட்டதா?"

"கெட்டது அண்ணி. கெட்டதுதான் நமக்கு வேணும்."

பெரியவர்களுக்குச் சராசரி நான்கு லிட்டர் முந்நூறு. அதை 1.9ஆல் பெருக்கினால் எட்டு மில்லிகிராமுக்கு மேல். ஆறைத் தாண்டினால் எலும்பு தாங்காது என்று வரைவின் மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஒன்றரை லிட்டரால் பெருக்கினால் மூன்றுகூட வராது.

"அன்னைக்கு நீ படிவத்தோட வந்து கேட்டப்ப இதுல பாதிகூட வரலையே" என்றாள் அண்ணி. "நான் பொய் சொல்லலடி. உள்ளதத்தான் சொன்னேன்."

"தெரியும் அண்ணி. நீங்க உண்மையத்தான் சொன்னீங்க."

"பின்ன எப்படி? ஓ... அன்னைக்கு..."

"கூட்டத்துக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டேன்.

குழுவில் ஒன்பது பேர். தலைவர் மதாம் பென்ஜெத்தூ நடுவில் உட்கார்ந்திருந்தார். கோபப்படுகிறவர் அல்ல. எல்லாவற்றையும் படிக்கிறவர். ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஈயம். நைட்ரேட். பதின்மூன்றாம் பக்கம். நான் சுவரோரம் உதவியாளர்களுக்கான நாற்காலியில் இருந்தேன். இரண்டாண்டுகளில் அந்த அறையில் நான் பேசியதே இல்லை.

"பதினாலுக்கு ஒரு குறிப்பு வந்திருக்கு" என்றார் சி மொக்தார். என் தாளை நீட்டினார்.

மதாம் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"ஒரே வீடு."

"ஆமா மதாம்."

"யார் வீடு?"

சி மொக்தார் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். "என் அண்ணன் வீடு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மேசையில் ஒருவர் மெல்லச் சிரித்தார். "அடுத்த தடவை மாமனார் வீட்டையும் சேத்துக்கலாம்."

மதாம் சிரிக்கவில்லை. "நீங்கதானே இருநூத்தி நாப்பது வீட்டுக் கணக்கையும் எடுத்தது?"

"ஆமா."

"இப்ப நீங்களே அது தப்புன்னு சொல்றீங்களா?"

"ஆமா மதாம்."

"அந்த மக்கள் பொய் சொன்னாங்களா?"

"இல்ல. உண்மையத்தான் சொன்னாங்க."

"நீங்க தப்பா எழுதினீங்களா?"

"அவங்க சொன்ன அளவ அப்படியே எழுதினேன்."

"கூட்டல்ல பிழையா?"

"இல்ல."

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "மகளே, எனக்கும் அந்தப் பக்கத்து ஜனங்களத் தெரியும். ஒன்றரை லிட்டர்னு பாத்தப்ப எனக்கும் நம்பிக்கை வரல. மூணு தரம் விசாரிச்சேன். முறைப்படி எடுத்த கணக்குன்னு மூணு தரமும் பதில் வந்துச்சு. ஒரு கணக்குல குறை காட்டாம அத என்னால தூக்கிப் போட முடியாது. பிடிக்காத எண்ண எல்லாம் தூக்கிப் போட்டா இது தரமா? குறை என்ன? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பக்கத்த நிறுத்தி வைக்கிறேன்."

அறை காத்திருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"உக்காரு பொண்ணே" என்றார் சி மொக்தார் தணிந்த குரலில். என்னைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்தார். "அவளுக்குச் சொந்த ஊரு, மதாம். மனசு கேக்கல. நாம அடுத்ததப் பாப்போம்."

நான் உட்கார்ந்தேன்.

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பேனாவை எடுத்தார். பதினான்காம் பக்கத்தின் ஓரத்தில் அதன் முனை தொட்டது. ஐந்து ஆண்டுகள். ஷைமாவுக்குப் பதினொன்று ஆகிவிடும். தாடைக்குள் இருக்கும் பற்கள் எல்லாம் அதற்குள் வெளியே வந்திருக்கும். எட்டு மாதக் குழந்தைக்குப் பால் பற்கள் விழத் தொடங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி தினமும் கேட்பாள். அவ பாத்துக்குவா என்று அண்ணி சொல்லிக்கொண்டிருப்பாள்.

"நிறுத்துங்க" என்றேன்.

அது என் குரல் போலவே இல்லை. பேனா நின்றது. ஒன்பது பேரும் திரும்பினார்கள். நான் எழுந்தேனா, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேனா என்று நினைவில்லை.

"நான் அப்ப வேலைக்குச் சேந்து மூணு மாசம். வண்டி எப்பவும் கிடைக்காது. அந்த மாசம் மட்டும்தான் சும்மா நின்னுச்சு. தெற்க போக யாரும் தயாரா இல்ல. நான் போறேன்னு சொன்னேன். எல்லாரும் வீட்லயே இருப்பாங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்னு நினைச்சேன். இருநூத்தி நாப்பது வீட்லயும் கேட்டேன். முடிச்சுட்டுத் திரும்பி வந்து கூட்டிப் பாத்தப்பதான் எனக்கே உறைச்சுது. மறுபடி போக வண்டி இல்ல. படிவத்துல தேதிய அடுத்த மாசமா மாத்தி எழுதிட்டேன்."

"பொண்ணே" என்றார் சி மொக்தார்.

"அவங்க சொன்ன அளவு உண்மை, மதாம். தேதிதான் பொய். சூரியன் அடைஞ்சப்புறம் குடிச்சத மட்டும்தான் அவங்க சொன்னாங்க. பகல்ல யாரும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. நான் அந்தக் கணக்க ரமலான் மாசத்துல எடுத்தேன்."