கறுப்புத் தொட்டியில் போட்ட புருஷன்

அக்கரை நகரத்தில், தப்பான தொட்டியில் போட்ட குப்பை மறுநாள் காலை வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். வாத்தியார் ஒருவர் கழுவாமல் போட்ட பால் பாக்கெட்டுகள் வாசலில் வரிசை கட்டி நின்று அழைப்புமணி அடித்தன. பல் டாக்டர் காகிதத்தோடு போட்ட மீன்முள் மாடிப்படி வழியாக நீந்தி மேலே வந்தது. அந்த ஊர்க்காரர்கள் கொட்டாவி விட்டபடி அவற்றை எடுத்துப் பிரித்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இக்கரையிலிருந்து பாலம் தாண்டிப் புதிதாகக் குடிவந்த தையல்காரிக்குத்தான் இதை யாரும் சொல்லவில்லை. இக்கரையில் இரண்டே தொட்டி: பச்சையில் காய்கறித் தோல், கறுப்பில் 'மற்றவை'. வேண்டாதது எதுவானாலும் கறுப்பு வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். அக்கரையிலோ எலும்புக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று, தோலுக்கு, துணிக்கு, பட்டனுக்கு என்று தொட்டிகள் கல்யாண ஊர்வலம் மாதிரி தெருவை அடைத்து நிற்கும். 'மற்றவை' என்று ஒன்று மட்டும் கிடையாது. கறுப்பு அங்கே கண்ணாடிக்கு.

தையல்காரியின் புருஷன் பூட்டு ரிப்பேர்காரன். அவன் கைக்குத் திறக்காத கதவு இல்லை. அவள் எந்த அறைக்குள் ஒளிந்தாலும் வெளியே முதலில் இருமல் கேட்கும், அப்புறம் தாழ்ப்பாள் தானாக நகரும், அப்புறம் அடி. அவன் செத்த பிறகும் இக்கரையில் அவன் பொருளைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. அக்கரைக்கு வந்த தைரியத்தில் செருப்பு, பெல்ட், சட்டை, பேண்ட் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கறுப்புத் தொட்டியில் தள்ளினாள்.

காலையில் செருப்பு வாசலில் வீட்டைப் பார்த்து நின்றது. திரும்பக் கொண்டுபோய்ப் போட்டாள். அடுத்த காலை பேண்டும் வந்தது, முழங்காலில் மடிந்து, உட்கார்ந்த வாக்கில். ஒவ்வொரு தடவை போடும்போதும் ஆள் கொஞ்சம் கூடி வந்தான். கடைசியில் அவள் மூன்று தாழ்ப்பாளும் போட்டுவிட்டு அடுப்படியில் ஒளிந்திருந்தபோது வெளியே இருமல் கேட்டது. தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வெண்ணெயில் கத்தி போல, நகர்ந்தன. பேண்டும் பெல்ட்டுமாகச் சட்டை உள்ளே வந்து தையல் மிஷின் நாற்காலியில் உட்கார்ந்தது. காலருக்கு மேலே ஒன்றுமே இல்லை. இருந்தும் அது தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

கதவு திறந்து கிடப்பதைக் கண்டு மாடிவீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, கறுப்புல போட்டியா? அது கண்ணாடிக்குடி!"

"அக்கா, அவரு உள்ள இருக்காருக்கா."

"எதுக்குள்ள?"

"சட்டைக்குள்ள."

அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "பட்டனக் கழட்டாம போட்டா வரத்தானே செய்வாரு? கத்திரி எங்க?"

தையல்காரி கத்திரியை எடுத்து வந்தாள். வாழ்நாளெல்லாம் தையல் பிரித்த கை அது. முதல் பட்டனில் கத்திரி வைத்ததும் சட்டையின் வலது கை ஓங்கியது. அக்கா அந்தக் கையைப் பிடித்து மடியில் அழுத்தினாள்: "தம்பி, சும்மா இருங்க. குப்பை பிரிச்சிட்டிருக்கோம்ல?"

பட்டன், ஜிப், காலர், பெல்ட்டின் கொக்கி என்று பிரிய வேண்டியதெல்லாம் பிரிந்து அதனதன் தொட்டிக்குப் போயிற்று. நாற்காலியில் இருமல் மட்டும் மிச்சம். அதை எந்தத் தொட்டியும் ஏற்கவில்லை. சோற்றுத் தொட்டி மூடியையே திறக்க மறுத்தது.

"உங்க ஊர்ல கறுப்பு கேட்காம வாங்கிக்குமேடி!" என்றாள் அக்கா.

தையல்காரி இருமலை ஒரு டப்பாவில் அடைத்து, மூடியை இரு கையாலும் அழுத்தியபடி பஸ் ஏறினாள். பாலம் தாண்டும் வரை டப்பா இருமி இருமிக் குதித்தது. "மருந்து வாங்கிக் குடிக்கக் கூடாதாம்மா?" என்று கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறங்கிய இடத்திலேயே இக்கரையின் கறுப்புத் தொட்டி நின்றது. அவள் டப்பாவோடு போட்டாள். அது ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்கியது.

மறுநாள் காலை அவள் வாசலில் வெயில் மட்டும் வந்திருந்தது. இக்கரையில் அந்தத் தொட்டி இன்றும் இருமுகிறது. முதலில் அந்தப் பக்கம் போகப் பயந்தவர்கள் இப்போது, "இருமுற தொட்டிக்கு எதிர்ல நில்லுங்க, பஸ் அங்கதான் நிக்கும்" என்று வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லுகிறார்கள்.